சொன்ன விலையா, போன விலையா: பழைய மினியேச்சர்களின் சந்தை விலையை எதை வைத்துப் பார்ப்பது?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஸ்டார் வார்ஸ் மினிக்கு, அதாவது மேசை விளையாட்டில் வைத்து ஆடுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் உருவத்துக்கு, 55 டாலர் கொடுத்தேன். ரெபல் ஸ்டார்ம் தொகுப்பில் வந்த ஒரு வெரி ரேர், அதாவது மிக அரிய உருவம், ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தது. விலையைப் பார்க்காமல் வாங்கவில்லை. இணையத்தில் தேடியபோது 50, 60, 70 என்று நான்கைந்து பேர் போட்டிருந்தார்கள், அதனால் 55 நியாயம்தான் என்று பணத்தைக் கட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் விற்றுப்போனவற்றின் பட்டியலைப் பார்க்கத் தோன்றியது. அதே மினி, கூட வந்த புள்ளிவிவர அட்டையோடு, நல்ல நிலையில், முந்தைய மூன்று மாதத்தில் நான்கு முறை கைமாறியிருந்தது, ஒன்றுகூட 30 டாலரைத் தாண்டவில்லை. நான் பார்த்த 50, 60, 70 எல்லாம் யாரும் வாங்காமல் மாதக்கணக்கில் கிடந்தவை. வாங்கப்படாததால்தான் அவை என் கண்ணில் பட்டன, சரியான விலைக்கு வந்ததெல்லாம் வந்த வேகத்தில் போய்விட்டது.

நம் ஊரில் இதற்கு வார்த்தையே தனித்தனியாக இருக்கிறது. பக்கத்து மனை விலைக்கு வந்தால் "என்ன சொல்றாங்க?" என்று ஒரு கேள்வி, "என்னத்துக்குப் போச்சு?" என்று இன்னொரு கேள்வி. இரண்டும் வேறு வேறு என்று நிலம் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். பொம்மை வாங்கும்போது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

அதற்குப் பிறகு விலையைக் கவனிக்க இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். ஈபேயின் விற்பனைப் பட்டியல், கடைகளின் விலை, சந்தா கட்டிப் பார்க்கும் விலைக் களஞ்சியம், ஃபேஸ்புக் குழுக்கள், சொந்தமாக ஒரு எக்செல் ஷீட். எதை எப்போது நம்பலாம் என்பது நீங்கள் சேர்ப்பது எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தும் மாறுகிறது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகை மினிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் விற்பனைக்கு வந்தன: மூடிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. விஸ்கிட்ஸ் நிறுவனம் 2000-இல் மேஜ் நைட் விளையாட்டில் இதைத் தொடங்கியது, 2002-இல் மார்வெல் பாத்திரங்களை வைத்து ஹீரோகிளிக்ஸ் வந்தது. விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2003-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினிகளைக் கொண்டுவந்தது, முதல் தொகுப்பான ஹார்பிஞ்சரில் 80 உருவங்கள். அடுத்த ஆண்டு ஸ்டார் வார்ஸ். அதன் முதல் தொகுப்பு ரெபல் ஸ்டார்ம், 60 உருவங்கள், ஒரு பெட்டியில் 7. எவ்வளவு அரிது என்பதை வைத்து காமன், அன்காமன், ரேர், வெரி ரேர் என்று நான்கு படி. ஏழில் ஒன்றுதான் ரேர் அல்லது வெரி ரேர், மற்றதெல்லாம் சாதாரணப் படைவீரர்கள். கடையில் எந்தப் பெட்டிக்கும் ஒரே விலைதான், உள்ளே இருப்பதன் மதிப்போ பெட்டிக்குப் பெட்டி மாறும். இரண்டாம் கை சந்தை பிறந்ததே இந்த இடைவெளியில்தான்.

இப்போது இந்த விளையாட்டுகள் மூன்று விதமான நிலையில் இருக்கின்றன. ஸ்டார் வார்ஸ் மினிகள் 2010-இல் உரிமம் முடிந்ததோடு நின்றுவிட்டன. இனி ஒரு பெட்டிகூட புதிதாக வராது, இருப்பது மட்டும்தான் கைமாறும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினிகளை 2011 தொடக்கத்தில் நிறுத்துவதாக அறிவித்தார்கள், ஆனால் 2014 முதல் விஸ்கிட்ஸ் அதே உலகத்துக்கு வேறு பெயரில் புது மினிகளைச் செய்துகொண்டிருக்கிறது, அதனால் பழைய கோப்லினுக்குப் போட்டியாக புது கோப்லின் வந்துகொண்டே இருக்கிறது. ஹீரோகிளிக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிற விளையாட்டு. டாப்ஸ் நிறுவனம் 2008-இல் விஸ்கிட்ஸை மூடியபோது அதுவும் போய்விடும் என்றுதான் எல்லாரும் பயந்தோம், மறுவருடம் நெகா நிறுவனம் வாங்கித் தொடர்ந்தது. இன்றைக்கும் புதுத் தொகுப்புகள் வருகின்றன, போட்டிகள் நடக்கின்றன, பழைய தொகுப்புகள் மாடர்ன் பிரிவிலிருந்து, அதாவது புதிய தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடுகிற போட்டிப் பிரிவிலிருந்து, வெளியேற்றப்படுகின்றன.

முதல் வகையில் விலை மெதுவாக நகரும், ஆனால் விற்பனையே அபூர்வம். மூன்றாவது வகையில் விற்பனை நிறைய, ஆனால் போன மாத விலை இந்த மாதம் உதவாது. ஒரே கருவி இரண்டுக்கும் பொருந்தாது.

சரி, ஈபே. எல்லாரும் முதலில் போகிற இடம், போகவும் வேண்டிய இடம். தேடலில் விற்கப்பட்டவை என்ற வடிகட்டியைப் போட்டால் கடைசி 90 நாட்களில் விற்றது தெரியும். இலவசம், எவரும் பார்க்கலாம், படத்தோடு இருக்கும். உண்மையாகவே ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய விலை, நடந்த தேதியோடு, இவ்வளவு எளிதாக வேறு எங்கும் கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவீர்கள், அதில் படித்துப் பழக வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.

முதலில், விலை மேல் கோடு போட்டிருந்தால் அது பேரம் பேசி முடிந்த விற்பனை. விற்பவர் கேட்ட விலைதான் கோட்டுக்குக் கீழே தெரிகிறது, எவ்வளவுக்கு ஒப்புக்கொண்டார் என்று தெரியாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரிதான். மாடு கைமாறியது எல்லாருக்கும் தெரியும், விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். 40 டாலர் என்று கோடு போட்டுத் தெரிந்தால் அது 40-க்குக் கீழே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 38 ஆகவும் இருக்கலாம், 22 ஆகவும் இருக்கலாம்.

அடுத்தது தபால் செலவு. 12 டாலர் மினி, 9 டாலர் தபால் என்று ஒருவர் விற்பார், இன்னொருவர் தபால் இலவசம் என்று 20-க்கு விற்பார். வாங்குபவர் பையிலிருந்து போவது கிட்டத்தட்ட ஒன்றுதான், பட்டியலில் பார்த்தால் ஒன்று மற்றதைவிடப் பாதி விலை போலத் தெரியும். எப்போதும் கூட்டித்தான் எழுத வேண்டும். பெரிய உருவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏடி-ஏடி வாக்கர் மாதிரி பெரிய பெட்டியில் வந்தவற்றை அனுப்புகிற செலவே பல சின்ன மினிகளின் விலைக்கு மேல் போகும்.

ஏலமா, நேர் விலையா என்பதையும் பார்க்க வேண்டும். நின்றுபோன விளையாட்டில் ஏலம் என்பது அந்த வாரம் எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிற விஷயம். ஒரே ஒருவர் வந்தால் தொடக்க விலைக்கே போய்விடும், பிடிவாதக்காரர்கள் இரண்டு பேர் வந்தால் இருமடங்காகும். ஏலத்தில் 60-க்குப் போனது என்பதற்காக அடுத்ததும் 60 போகும் என்று நம்ப வேண்டாம், ஏனென்றால் அந்த இருவரில் ஒருவருக்கு இப்போது மினி கிடைத்துவிட்டது, போட்டி போட்டவர் ஒருவர்தான் மிச்சம்.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஆளைக் குழப்புவது, ஒரே பெயரில் பல உருவங்கள் இருப்பது. ரெபல் ஸ்டார்ம் தொகுப்பிலேயே இரண்டு டார்த் வேடர், ஒன்று டார்க் ஜெடை, மற்றது சித் லார்ட். அதற்குப் பிறகு வந்த தொகுப்புகளில் இன்னும் பல வேடர்கள். விற்பவர் பெரும்பாலும் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது மகனுடைய பழைய டப்பாவைக் கண்டெடுத்த பெற்றோர், "டார்த் வேடர் பொம்மை" என்றுதான் போடுவார்கள். அடிப்பாகத்தின் படம் இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே தொகுப்பும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அது தெரியாத விற்பனையை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அட்டை இருக்கிறதா என்பதும் அப்படித்தான். ஸ்டார் வார்ஸ், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டிலும் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு புள்ளிவிவர அட்டை வந்தது, அது இல்லாவிட்டால் சேகரிப்பவர் பார்வையில் மதிப்பு குறைவு. ஆனால் வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து இதுவும் மாறும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினிகளை வாங்குபவர்களில் பெரும்பகுதி அந்தச் சண்டை விளையாட்டை ஆடுபவர்கள் அல்ல, மேசையில் கதை விளையாட்டு நடத்துபவர்கள், அவர்களுக்கு ஆறு எலும்புக்கூடு வேண்டும், அட்டை எதற்கு? ஸ்டார் வார்ஸில் ரசிகர்களே பழைய உருவங்களுக்குப் புது அட்டை வடிவமைத்து இன்றும் விளையாடுகிறார்கள், அவர்களுக்கும் பழைய அட்டை அவசியமில்லை. ஹீரோகிளிக்ஸிலோ, 2002-இன் இன்ஃபினிட்டி சேலஞ்ச் உருவங்களுக்கு அப்போது தனி அட்டையே கிடையாது, பிற்காலத்து உருவங்களுக்கு உண்டு. ஆக "அட்டை இல்லை" என்ற ஒரே குறை ஒரு விளையாட்டில் விலையை இறக்கும், இன்னொன்றில் தொடவே தொடாது.

உருவத்தின் கையிலிருக்கிற லைட்சேபர் என்ற ஒளிவாள் வளைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் விலையை ரொம்பக் குறைக்க வேண்டாம். மென்மையான பிளாஸ்டிக், வெந்நீரில் சில நொடி முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் நின்றுவிடும். உடைந்து ஒட்டியிருந்தால், யாராவது மேலே பெயின்ட் அடித்திருந்தால் அது வேறு கதை.

90 நாள் என்பதுதான் ஈபே பட்டியலின் பெரிய குறை. வருடத்துக்கு மூன்று முறை விற்கிற உருவத்துக்கு அந்தச் சன்னலில் ஒன்று தெரிந்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் காலியாக இருக்கும். காலியாக இருந்தவுடன் மனம் சொன்ன விலைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது, நான் மாட்டிக்கொண்டதும் ஏறக்குறைய அப்படித்தான்.

இதற்கு ஈபேயே ஒரு மருந்து வைத்திருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியவில்லை. டெராபீக் என்று ஒரு ஆய்வுக் கருவி, 2017-இல் ஈபே அந்த நிறுவனத்தை வாங்கியது. விற்பனையாளர் பக்கத்தில் ஆய்வு என்ற பகுதிக்குப் போனால் மூன்று வருடம் வரைக்கும் பின்னால் போய்ப் பார்க்கலாம், பேரம் பேசி முடிந்தவற்றின் உண்மையான தொகையும் அதில் தெரிகிறது. விற்பனையாளர் கணக்கு வேண்டும், அவ்வளவுதான், நாலு பொருள் விற்றவருக்கும் கிடைக்கும். என்னைக் கேட்டால் நின்றுபோன விளையாட்டுகளைச் சேர்ப்பவர் எல்லாருமே முதலில் செய்ய வேண்டியது இதைத் திறப்பதுதான். குறை என்னவென்றால் அது தலைப்பில் உள்ள சொற்களைத்தான் தேடும், சராசரி போட்டுக் காட்டும், அந்தச் சராசரியில் ஒற்றை மினியும் கலந்திருக்கும், "வேடரோடு சேர்த்து 40 மினி" என்ற மொத்த லாட்டும் கலந்திருக்கும். சராசரியைப் பார்க்காமல் கீழே இருக்கிற வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

வொர்த்பாயிண்ட் என்று ஒரு சந்தா சேவை இருக்கிறது. பழைய ஏலங்களின் விலையையும் படத்தையும் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். டெராபீக் எட்டாத காலத்துக்கு இது போகும், படம் அழியாமல் இருப்பதால் எந்த உருவம், எந்த நிறம் என்று சரிபார்க்க உதவும். ஆனால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அதில் தெரிகிற எட்டு வருடம் முந்தைய விலை இன்றைக்கு வாங்க உதவாது. என் தீர்ப்பு: இறந்துபோன உறவினரின் சேகரிப்பு கைக்கு வந்திருக்கிறது, அல்லது காப்பீட்டுக்கு மதிப்பு எழுத வேண்டும் என்றால் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள், எல்லாவற்றையும் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். மாதச் செலவாக வைத்துக்கொள்கிற அளவுக்கு 15 டாலர் மினி சேர்ப்பவருக்கு இது தேவைப்படாது.

இனி கடைகள். அமெரிக்காவில் நோபிள் நைட், மினியேச்சர் மார்க்கெட், கூல்ஸ்டஃப் மாதிரி கடைகள் விளையாட்டுப் பொருட்களை விற்பவை. சில இடங்களில் பழைய மினிகளை ஒற்றையாகவும் விலை போட்டு வைத்திருப்பார்கள். பார்க்கச் சுகமாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பெயர், தொகுப்பு, எண் எல்லாம் சரியாக இருக்கும், ஈபேயின் குப்பை கிடையாது. ஆனால் கடை விலையில் கடையின் வாடகை, ஆட்கள் சம்பளம், வருடக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்கிற செலவு எல்லாம் சேர்ந்திருக்கிறது, நீங்கள் தரம் பார்த்து வாங்குகிற நிம்மதிக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. அதைக் கொடுப்பதில் தப்பில்லை. அதே விலைக்கு உங்கள் மினியை விற்கலாம் என்று நினைப்பதுதான் தப்பு.

இன்னொன்று, கையிருப்பு இல்லை என்று போட்டிருக்கிற உருவத்துக்குப் பக்கத்தில் தெரிகிற விலை பெரும்பாலும் கடைசியாக விற்றபோது இருந்த விலை. அது போன வாரமா, நான்கு வருடம் முன்பா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நிறைய பேர் இந்தச் செத்த விலையை எடுத்து வைத்துக்கொண்டுதான் தங்கள் சேகரிப்புக்கு மொத்த மதிப்பு போடுகிறார்கள்.

கடைகளிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு ஒரு எண்ணை, அவர்கள் வாங்குகிற விலையை. சில கடைகள் எந்த உருவத்தை என்ன விலைக்கு வாங்குவோம் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள், சில கடைகளுக்குப் பட்டியல் அனுப்பினால் சொல்வார்கள். பார்த்தவுடன் அடிமாட்டு விலை என்று கோபம் வரும். ஆனால் அது இன்றைக்கே, பேரமில்லாமல், நிச்சயமாகக் கையில் வரக்கூடிய பணம். ஈபேயில் 30 டாலருக்கு, தபால் உட்பட, விற்றால் கட்டணமே 13 சதவீதத்துக்கு மேல், அதாவது 4 டாலரைத் தாண்டும். தபால் 5 டாலருக்கு மேல், பெட்டி, குமிழ் உறை, தபால் நிலையம் போய்வருகிற நேரம். கையில் நிற்பது 20 டாலர் சொச்சம். கடை 14 கொடுக்கிறது என்றால் வித்தியாசம் நினைத்ததைப்போல 16 அல்ல, 6 தான். ஒரு உருவத்துக்கு இந்த 6 டாலர் பெரிதாகத் தெரியாது, 200 உருவத்தைத் தனித்தனியாகப் படமெடுத்துப் போட வேண்டும் என்னும்போது நிறைய யோசிக்க வைக்கும்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் பத்திரிகை இருந்தது. ஸ்கிரை, இன்க்வெஸ்ட் இரண்டிலும் கடைசிப் பக்கங்களில் விலைப் பட்டியல் வரும், அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பேரம் பேசுவார்கள். இன்க்வெஸ்ட் 2007-இல் நின்றது, ஸ்கிரை 2009-இல். அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும் விலைதான் என்றாலும் வாங்குபவரும் விற்பவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசினார்கள், அது ஒரு பெரிய வசதி. அதற்கு இணையான ஒன்று மினிகளுக்கு அப்புறம் வரவேயில்லை. லெகோ சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது: பிரிக்லிங்க் என்ற சந்தை 2000-இலிருந்து இருக்கிறது, 2019-இல் லெகோ நிறுவனமே அதை வாங்கியது, அங்கே எந்தச் சின்ன உருவத்தைத் தேடினாலும் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை விற்றது, குறைந்தது என்ன, கூடியது என்ன, சராசரி என்ன, புதிது தனி, பழையது தனி என்று வந்து நிற்கும். சொன்ன விலை ஒரு பக்கம், போன விலை பக்கத்திலேயே. நமக்கு வேண்டியது துல்லியமாக அதுதான், அந்த அளவுக்கு விற்பனை நடக்காததால் யாரும் கட்டித் தரவில்லை.

ஃபேஸ்புக் குழுக்களில் வாங்குவது, மாற்றிக்கொள்வது எல்லாம் நடக்கிறது, விலையும் பொதுவாக ஈபேயைவிடக் குறைவு, ஏனென்றால் கட்டணம் இல்லை. வாங்க நல்ல இடம். விலையைக் கவனிக்க மோசமான இடம். "பிஎம் பண்ணுங்க" என்று சொல்லி உள்ளே பேசி முடித்துவிடுவார்கள், விற்றதும் பதிவையே நீக்கிவிடுவார்கள், மறுபடியும் துண்டுக்கு அடியில் விரல்தான். அங்கே நீங்களே வாங்கிய, விற்ற விலையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நான் வந்து சேர்ந்த இடம், சொந்தமாக ஒரு ஷீட். அலுப்பான வேலை என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டேன், இன்றைக்கு வேறு எதையும்விட அதைத்தான் நம்புகிறேன். எல்லா உருவத்துக்கும் வேண்டாம். 600 மினி இருந்தாலும் கவனிக்க வேண்டியது நாற்பதுக்கு மேல் போகாது: வாங்க நினைக்கிற பத்துப் பதினைந்து, கையிலிருப்பதில் விலை கூடிய இருபது, இருபத்தைந்து. மற்ற காமன்களை எடைக்குப் போடுகிற மாதிரி ஒரு மொத்த எண்ணில் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி. தேதி, தொகுப்பு, எண், பெயர், அட்டை உண்டா, நிலை, தபாலோடு சேர்ந்த தொகை, ஏலமா நேரா பேரமா. ஈபேயில் தேடலைச் சேமித்து வைத்தால் புதிதாகப் பட்டியலிடும்போது அறிவிப்பு வரும், அப்போதே பார்த்து, அது விற்றதும் எழுதிவிடலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு பத்து நிமிடம் ஆகிறது, சில வாரம் எழுத ஒன்றுமே இருக்காது. 90 நாளில் ஈபே மறந்துவிடுவதை உங்கள் ஷீட் மறக்காது, அதுதான் இதன் பலமே.

சராசரி போட வேண்டாம், நடு விலையைப் பாருங்கள். ஒரு உருவம் ஐந்து முறை 18, 20, 21, 24, 58 என்று போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 28-க்கு மேல் வரும், ஆனால் ஐந்தில் நான்கு பேர் 24-க்குள் வாங்கியிருக்கிறார்கள். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிற 21 தான் உண்மைக்குப் பக்கம். அந்த 58-ஐ அழித்துவிடாமல் பக்கத்தில் காரணம் எழுதுங்கள், பெட்டி பிரிக்காததா, ஏலத்தில் இருவர் மோதினார்களா, புதுப் படம் வந்த வாரமா. காரணம் எழுதப் பழகியபோதுதான் எனக்குச் சந்தையே புரிய ஆரம்பித்தது. டார்த் ரெவன், டார்த் நிஹிலஸ் மாதிரி வீடியோ கேமில் பிறந்த பாத்திரங்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் அந்த கேமின் ரசிகர்கள், மினி விளையாட்டின் விதி ஒன்றுகூடத் தெரியாதவர்கள், அதனால் விளையாட்டில் அந்த உருவம் பலமா பலவீனமா என்பது விலையைத் தொடுவதில்லை.

ஹீரோகிளிக்ஸுக்கு மட்டும் இந்த ஷீட் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதுத் தொகுப்பு வந்த முதல் வாரத்தில் சேஸ் எனப்படுகிற மிக அரிய உருவங்கள் உச்சத்தில் இருக்கும், எல்லாரும் பெட்டி பிரித்து முடிக்க முடிக்க இறங்கும், போட்டியில் ஒருவர் அதை வைத்து ஜெயித்தால் ஏறும், மாடர்ன் பிரிவிலிருந்து வெளியேறுகிற நாள் நெருங்கினால் மறுபடி விழும். இங்கே வரலாறு எழுதிவைத்துப் பயனில்லை. விளையாட வேண்டுமென்றால் தொகுப்பு வந்து ஐந்தாறு வாரம் பொறுத்து, கடைசி இரண்டு வார விற்பனையை மட்டும் பார்த்து வாங்குங்கள். விற்க வேண்டுமென்றால் பெட்டி பிரித்த அன்றைக்கே.

மொத்தமாக விற்க நினைப்பவருக்கு வழி வேறு. போன வருடம் ஒரு நண்பர் கிட்டத்தட்ட 450 ஸ்டார் வார்ஸ் மினிகளை விற்பதா வைத்துக்கொள்வதா என்று கேட்டார், கடை விலைகளைக் கூட்டி ஒரு பெரிய தொகையை மனதில் வைத்திருந்தார். நாங்கள் உட்கார்ந்து முதலில் ரேர், வெரி ரேர் எல்லாவற்றையும் தனியாக எடுத்தோம், டெராபீக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், 15 டாலருக்கு மேல் உண்மையாகப் போனவை 22 தான் வந்தன. அந்த 22-ஐத் தனித்தனியாக விற்பது, மீதியை ஒரு கடைக்கு மொத்தமாகக் கொடுப்பது என்று முடிவு. வந்த தொகை அவர் மனதில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் தொடங்குவதற்கு முன்னாலேயே அவருக்கு அது தெரிந்திருந்தது, அதனால் பேரம் பேசும்போது தடுமாறவில்லை, வந்த முதல் ஆளிடம் பயந்து கொடுக்கவும் இல்லை.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் இன்னொரு பத்தியையும் ஷீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விலை என்பது அமெரிக்காவுக்குள் தபால் போகிற விலை. ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது, இப்போது நேரே வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்துதான் வரவழைக்க வேண்டும், சர்வதேசத் தபாலும் சுங்க வரியும் சேர்ந்தால் 20 டாலர் மினி இருமடங்குக்கு மேல் போகலாம். அங்கே இருக்கிற அண்ணன், அக்கா, நண்பர் யாராவது வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறார்களா? அவர்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லி சேர்த்து வையுங்கள், வேறு சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பெட்டியில் இடம் கேட்கும்போது அட்டைகளைத் தனியாக ஒரு உறையில் போட்டு, மினிகளைத் துணிக்குள் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், லைட்சேபர் வளைந்து வந்தால் வெந்நீர் இருக்கிறது.